காட்டு விலங்குகளும் நாம் வீசும் பொலித்தீனும்: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடலாமையும் திமிங்கிலமும்தான். நமது இரண்டு மாவட்டங்களிலும் அதே கேடு தரையில், காட்டோரத்தில், வட்டைக்குள், வாவிக்கரையில் நடந்துகொண்டிருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளும் கோயில் தொண்டர்களும் வயற்காரர்களும் கேட்கும் கேள்விகளை ஒன்றாக்கி, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

நம்ம பக்கத்தில் உண்மையிலேயே பிளாஸ்டிக்கால் யானை செத்திருக்கிறதா?

செத்திருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் பக்கமாக உள்ள பள்ளக்காடு குப்பைமேடு இதற்காகவே உலகச் செய்திகளில் அடிபட்டது. 2022 ஜனவரியில் ஒரு வார இறுதியில் மட்டும் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அவற்றோடு சேர்த்து எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் அந்தக் குப்பையைத் தின்று இறந்ததாக அப்போது தெரியவந்தது. உடலைப் பிரித்துப் பரிசோதித்த வனஜீவராசிகள் கால்நடை வைத்தியர் நிஹால் புஷ்பகுமார, உள்ளே பொலித்தீனும் உணவு உறைகளும் வேறு செரிக்காத பொருட்களும் தண்ணீரும்தான் இருந்தன என்றார். யானை வழக்கமாகத் தின்று செரிக்கும் தீனி எதுவும் இல்லை.

இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஒரு பிடி புல்லோ இலையோ இல்லை. அது பட்டினிச் சாவு. 2011இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையில் இருந்த காட்டு யானைகள் 5,879. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஒரேயொரு குப்பைமேட்டுக்கு 20 யானை என்பது சின்ன இழப்பில்லை.

யானை புத்தியுள்ள மிருகம்தானே? எது தீனி, எது பொலித்தீன் என்று அதற்குத் தெரியாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கான பதிலில்தான் முழு விசயமும் இருக்கிறது.

யானை பொலித்தீனைத் தேடி வருவதில்லை. அதற்குள் இருக்கும் சோற்றைத் தேடி வருகிறது. நாம் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என்ன செய்கிறோம்? மீன் முள்ளு, மிச்சச் சோறு, சொதி, பப்படத் துண்டு எல்லாவற்றையும் அந்த லஞ்ச் சீட்டிலேயே மடித்து, ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு எறிகிறோம். ஈ மொய்க்கக் கூடாது, கை அழுக்காகக் கூடாது என்பதற்காகப் போடும் முடிச்சு அது. யானையின் தும்பிக்கைக்கு அந்த முடிச்சை அவிழ்க்க வராது. மோப்பமோ நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கூர்மையானது. உள்ளே பூசணித் தோலும் வாழைப்பழத் தோலும் உப்பும் எண்ணெயும் இருப்பது அதற்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். காலால் மிதித்துக் கிழிக்கும், உதறிப் பார்க்கும். கிழிந்தால் உள்ளே இருப்பதைப் பொறுக்கித் தின்னும். கிழியாவிட்டால் பையோடு வாய்க்குள் போய்விடும். கிழிந்தாலும் சோறு ஒட்டிய லஞ்ச் சீட்டை அது நக்கி எறியாது. அதையும் சேர்த்தே விழுங்கும்.

மிக்ஸர், பிஸ்கட், நூடில்ஸ் உறைகளுக்கும் இதே கதைதான். காட்டு விலங்குக்கு உப்பு எளிதில் கிடைக்காது. அதற்காக மண்ணைக்கூடத் தின்னும். அப்படிப்பட்ட ஒன்றுக்கு முன்னால் உப்பும் மசாலாவும் ஒட்டிய உறை கிடந்தால் அது சும்மா விடுமா?

ஆகவே சாப்பாடும் பொலித்தீனும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே போவதுதான் விலங்கைக் கொல்கிறது. வெறும் பொலித்தீனும் கேடுதான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் விலங்கை வாய் வைக்கச் செய்வது சாப்பாட்டு மணம்.

தின்றாலும் லத்தியோடு வெளியே போய்விடாதா?

கொஞ்சம் போகும். யானைக்கு ஒரே இரைப்பைதான். தின்பதில் பாதியைக்கூட அது செரிப்பதில்லை, மீதி நாராகவே வெளியே வரும். அதனால் சின்னத் துண்டுகள் குடல் வழியாக வந்துவிடுவதுண்டு. உகந்தைப் பக்கம் பாதையோரத்தில் காய்ந்த லத்தி ஒன்றைக் கம்பால் பிரித்துப் பார்த்தபோது, வைக்கோல் நிற நார்களுக்கு நடுவே நீல ஷொப்பிங் பையின் கீற்று ஒன்று முறுக்கேறிக் கயிறு மாதிரி இருந்தது. பக்கத்திலேயே மடிப்புக் கலையாத டொபி உறை. அச்சடித்த எழுத்துகூட மங்கவில்லை. யானையின் வயிற்றுக்குள் போய் வந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலக் காடுகளில் யானை லத்தியை ஆராய்ந்தவர்கள், எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் மனிதர்கள் போட்ட குப்பை இருந்ததைக் கண்டார்கள். அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்.

லத்தியில் வருவது தப்பி வந்தது. பெரிய பைகள், கயிறு, உரச் சாக்கின் இழை போன்றவை ஒன்றோடொன்று பின்னி உள்ளேயே உருண்டையாகிவிடும். குடல் அடைபடும். யானை ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தின்னவேண்டிய மிருகம். குடல் அடைபட்டால் தின்ன முடியாது, தின்றாலும் இறங்காது. நாளாக நாளாக மெலிந்து, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு ஒரு குளக்கரையில் நின்று, பிறகு விழுந்துவிடும். விழுந்த யானை எழும்புவது அரிது. அதன் சொந்தப் பாரமே அதை அமுக்கிவிடும்.

மான், மரை, எருமைக்கு எப்படி?

இவற்றின் நிலைமை யானையை விட மோசம். அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பை ஒரு பெரிய ஊறல் தொட்டி. புல் அங்கே ஊறி, திரும்ப வாய்க்கு வந்து, அரைபட்டு, சில மில்லிமீற்றர் அளவுக்குத் துகளான பிறகுதான் அடுத்த அறைக்குப் போகும். வழி அவ்வளவு சின்னது. பொலித்தீன் ஊறாது, அரைபடாது, துகளாகாது. ஒருமுறை உள்ளே போனால் அந்த விலங்கு சாகும்வரை அங்கேதான் இருக்கும். இன்று ஒரு பை, அடுத்த மாதம் இன்னொன்று என்று கூடிக்கொண்டே போகும்.

மட்டக்களப்பு நகரிலும் கல்முனைப் பக்கமும் வீதியில் அலையும் மாடுகளைப் பாருங்கள். வயிறு பெருத்திருக்கும், முதுகெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். இரைப்பை நிறைந்திருப்பதால் பசி தெரியாது, சத்து மட்டும் ஏறாது. அப்படிச் செத்த மாட்டின் இரைப்பையைத் திறந்தால் பைகள் தனித்தனியாக இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று முறுகி, கயிறும் நாரும் மண்ணும் சேர்ந்து, ஈரத் துணிமூட்டை போலக் கனத்து, ஒரே கட்டியாக இருக்கும். இரண்டு கையாலும் இழுத்தாலும் பிரிக்க முடியாது.

புள்ளிமானின் வயிறும் மாட்டின் வயிறும் ஒரே அமைப்புத்தான். திருகோணமலைக் கோட்டைப் பகுதியில் மனிதரோடு மனிதராய்த் திரியும் மான்கள் பொலித்தீன் தின்று இறப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விசயம். கோயிலுக்கு வருபவர்கள் அன்போடு பையோடு நீட்டும் பழம்தான் அதற்குப் பெரும் காரணம். மாட்டுக்காவது சொந்தக்காரர் இருக்கிறார், வைத்தியரைக் கூட்டிவருவார். காட்டுக்குள் போய்ப் படுத்துவிடும் மானையும் எருமையையும் யார் பார்ப்பது? அதனால்தான் காட்டு விலங்குகளில் இத்தனை செத்தன என்று வரும் எந்தக் கணக்கும் உண்மையை விடக் குறைவாகவே இருக்கும்.

தின்பதால் மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. மாட்டிக்கொள்வதாலும் நிறைய உயிர் போகிறது. அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

வாய் குறுகிய போத்தல் ஒன்று சரிந்து கிடக்கிறது, அடியில் கொஞ்சம் சோடா. இனிப்பு மணத்துக்கு எறும்பும் வண்டும் உள்ளே போகும், அவற்றைத் தேடி அரணையும் மூஞ்சூறும் போகும். வழுவழுப்பான சரிவில் திரும்பி ஏற முடியாது. நம்ம ஊர் வெயிலில் காயும் போத்தலுக்குள் உயிரோடு இருக்கக்கூடிய நேரம் கொஞ்சம்தான். காட்டோரத்தில் கிடக்கும் பழைய போத்தலை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அடியில் வண்டுகளின் ஓடும் சின்ன எலும்பும் கிடப்பது சாதாரணம்.

பிளாஸ்டிக் சாடிகள் இன்னொரு வகை. ஊறுகாய்ச் சாடி, பால்மாச் சாடிக்குள் தலையை விட்ட மரநாயும் கீரியும் நாயும் அதைக் கழற்ற முடியாமல் தண்ணீர் குடிக்க வழியின்றிச் சாகின்றன.

அப்புறம் தங்கூசி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வாவியும் குளமும் நிறைந்த நம்ம மாவட்டங்களுக்கே உரிய கேடு இது. தங்கூசி வலை மீன்பிடிக்குத் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பாவனையில் இருக்கிறது. கிழிந்ததும் கரையில், கண்டல் வேரில், குளக்கட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் வற்றியதும் அது தரைக்கு வந்துவிடும். நிறமில்லாத மெல்லிய நூல், உக்கவும் உக்காது. நாரையின் காலிலும் நீர்க்காகத்தின் இறகிலும் சுற்றும். இறுக இறுகத் தசையை அறுக்கும். இரை தேட இறங்கும் நீர்நாய், மீன்பிடிப் பூனை, ஆமை, உடும்பு எதுவும் தப்பாது. நெற்பயிரைக் காக்கத் தங்கூசி வலையை வரம்பில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதில் சாரையும் புடையனும் சிக்கிச் சாகும். சாரைப்பாம்பு செத்தால் எலி பெருகும், எலி பெருகினால் யாருக்கு நட்டம் என்று வயற்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

பறவைகள் கூடு கட்ட நூலும் நைலோன் இழையும் பொறுக்கும். குஞ்சின் காலில் அது சுற்றிவிட்டால், தாய் பறக்கும்போது குஞ்சு கூட்டிலேயே தொங்கும்.

குப்பைமேட்டில் தீனி கிடைத்தால் யானை வயலுக்கு வராதே, நல்லதுதானே?

படுவான்கரையில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. நெல்லைக் காக்க இரவெல்லாம் காவல்பரணில் முழித்திருப்பவர் அப்படி நினைப்பதில் பிழை சொல்லமாட்டேன். ஆனால் நடப்பது வேறு.

குப்பைமேடு ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே தீனி கிடைக்கப் பழகிய யானை காட்டுக்குள் திரும்பிப் போகாமல் ஊரோரத்திலேயே தங்கிவிடும். மனித வாடைக்குப் பயப்படாது, வெடிக்கும் அசையாது. குப்பை வண்டி வராத நாளில் அது பட்டினி கிடப்பதில்லை. அடுத்த வளவில் வாழை இருக்கிறது, வீட்டுக்குள் நெல் மூட்டை இருக்கிறது. சமைத்த சாப்பாட்டின் மணம் பழகிய யானைக்கு எங்கள் குசினியும் ஒரு குப்பைமேடுதான். பள்ளக்காட்டிலும் குப்பைக்கு வந்த யானைகள் குடியிருப்புகளை நெருங்க, மக்கள் கல்லெறிந்தும் வெடி போட்டும் துரத்தவேண்டி வந்தது. சிலர் வீட்டைச் சுற்றித் தாங்களே மின்வேலி போட்டார்கள். முறையில்லாமல் போட்ட மின்வேலி யானையையும் கொல்லும், இருட்டில் கால் வைத்த மனிதரையும் கொல்லும்.

பெரும்பாலும் அலியன்கள், அதாவது ஆண் யானைகள்தான் முதலில் குப்பைக்கு வரும். பிறகு குட்டிகளோடு கூட்டங்களும் வரத் தொடங்கும். குட்டி தாயைப் பார்த்துத்தான் எதைத் தின்பதென்று படிக்கிறது. குப்பைமேட்டில் வளரும் குட்டிக்கு அதுவே பழக்கமான மேய்ச்சலாகிவிடும். எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் கவலை.

குப்பைமேட்டைச் சுற்றி யானைவேலி போட்டால் முடிந்ததுதானே?

பள்ளக்காட்டில் வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கியது. அதைத் திருத்தவில்லை, யானைகள் உள்ளே வந்தன. போட்ட நாளில் எந்த வேலியும் நன்றாகத்தான் இருக்கும். அதை யார், எந்தக் காசில், எவ்வளவு காலம் பார்ப்பது என்பதுதான் கேள்வி. 2022இல் அகழி வெட்டப்போவதாகச் சொன்னார்கள். அகழியும் மாரி மழைக்கு இடிந்து தூர்ந்துபோகும், அதற்கும் பராமரிப்பு வேண்டும். வேலியோ அகழியோ தேவைதான், எதிர்க்கவில்லை. உள்ளே சோற்று மணம் வீசிக்கொண்டிருக்கும்வரை யானை வழி தேடிக்கொண்டேயிருக்கும் என்பதையும் பார்க்கவேண்டும். உக்கும் குப்பை வேறாகப் போய்ப் பசளையாகி, மீதியை அன்றன்று மண் போட்டு மூடினால் அந்த மணமே இருக்காது.

எரித்துவிட்டால்? புதைத்துவிட்டால்?

எரிக்காதீர்கள். வளவுக்குள் எரியும் நெருப்பில் பொலித்தீன் முழுதாக எரியாது, பாதி உருகிக் கட்டியாகும். உணவுக் கொழுப்பு ஒட்டிய அந்தக் கட்டியையும் விலங்கு கடிக்கும். புகையை நம் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். திறந்தவெளியில் குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிப்பது 2017 முதல் சட்டப்படியும் தடை.

ஆழமில்லாமல் புதைத்ததைப் பன்றியும் நாயும் ஒரே இரவில் கிளறி வெளியே போடும்.

“உக்கும் பை” என்று விற்கிறார்களே?

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து செய்வது. அதில் பலவும் தொழிற்சாலைப் பசளைக் கிடங்கின் சூட்டில், ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில்தான் ஒழுங்காக உக்கும். வாய்க்காலிலோ மானின் வயிற்றிலோ அந்தச் சூடு கிடையாது. மற்றது சாதாரணப் பொலித்தீனில் ஒரு மருந்தைக் கலந்து வெயிலுக்கு நொறுங்கும்படி செய்தது. அது மறைவதில்லை, தூளாகிறது. இரண்டையும் நம்பி வீதியில் எறியவேண்டாம்.

தூளாகிப் போனால் என்ன, கண்ணுக்கே தெரியாதே?

5 மில்லிமீற்றரை விடச் சிறியவற்றை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். மண்புழு அதை மண்ணோடு சேர்த்து விழுங்குகிறது. ஆய்வுகூடச் சோதனைகளில், அதிக நுண்பிளாஸ்டிக் கலந்த சருகில் வளர்ந்த மண்புழுக்கள் ஒழுங்காக வளரவில்லை, கூடுதலாகச் செத்தன. மண்புழுவைத் தின்னும் கொக்கும் குருகும் மைனாவும் நம்ம வட்டையில் எத்தனை!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இருக்கிறது, கொஞ்சமல்ல. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீட், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன் எல்லாம் தடைசெய்யப்பட்டன. அரசியல், சமய, கலாசார நிகழ்வுகளுக்குப் பொலித்தீனில் அலங்காரம் செய்வதும் அப்போதே தடையானது. திருவிழாக் காலத்தில் வீதி நெடுகக் கட்டும் பொலித்தீன் கொடிகளும் இதில் அடங்கும் என்பது பல கோயில் நிருவாகங்களுக்குத் தெரியாது. 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் தவிர்ந்த 20 மில்லிலீற்றர், 20 கிராம் வரையான சின்னப் பக்கெட்டுகளும், பிளாஸ்டிக் தண்டுள்ள பஞ்சுக் குச்சிகளும் தடை. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் ஸ்ட்ரோ, கரண்டி, கத்தி, தட்டு, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு வரை தடை வந்தது. யானைகளும் மான்களும் பிளாஸ்டிக் தின்று இறந்த செய்திகள் அந்தக் கடைசித் தடைக்கு ஒரு முக்கிய காரணம். பள்ளக்காட்டு யானைகளின் சாவு அந்த அளவுக்காவது கொழும்பில் கேட்டிருக்கிறது.

சட்டத்தைப் பிரதேச சபையும் பொலிஸும் மட்டும் காப்பாற்ற முடியாது. “பை வேண்டாம்” என்று கடையில் ஒருவர் சொன்னால் அடுத்து நிற்பவரும் யோசிப்பார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கதிர்காமப் பாதயாத்திரையில் என்ன கவனிக்கவேண்டும்?

ஆடிவேல் விழாவுக்கு உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்குகிறோம். குமுக்கன், நாவலடி, வியாழை என்று போகும் அந்த வழி முழுக்கக் குமண, யால காடுகள். குப்பை அள்ளும் ட்ரக்டர் அங்கே வராது. நாம் போடுவது போட்ட இடத்திலேயே கிடக்கும். இது வேடர் குலத்து வள்ளியின் காடு, அங்குள்ள யானையும் மயிலும் முருகனுக்கு வேண்டியவை என்று நம்பித்தான் நடக்கிறோம். அந்த நம்பிக்கையோடு பொருந்தாத ஒரே காரியம், நடந்து வந்த தடத்தில் குப்பையை விட்டுச் செல்வது.

செய்யவேண்டியது இதுதான். வீட்டிலேயே அவல், பொரிமா, பயறு, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் உறையிலிருந்து எடுத்துத் துணிப்பையிலோ மூடியுள்ள டப்பாவிலோ போட்டுக்கொள்ளுங்கள். நூடில்ஸ், பிஸ்கட் உறையை உகந்தையிலேயே கழற்றிவிட்டால் காட்டுக்குள் கொண்டுபோக உறையே இருக்காது. தண்ணீருக்குத் தடித்த கானோ உலோகப் போத்தலோ போதும், நிரப்பும் இடங்கள் வழியில் இருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் வெறும் உரச் சாக்கு ஒன்றை முதுகில் கட்டிக்கொள்ளட்டும், கூட்டத்தின் குப்பை எல்லாம் அதற்குள். கதிர்காமம் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள தொட்டியில் கொட்டலாம். இரவு தங்கும் இடத்தில் மிஞ்சிய சோற்றைப் பையில் கட்டி மரத்தடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அன்றிரவு அந்த மரத்தடிக்கு வந்து தின்று பழகும் விலங்கு, நாளை அதே இடத்தில் அடியார்கள் தங்கும்போதும் சோறு தேடி வரும். கரடியும் யானையும் திரியும் காட்டில் அது ஆளுக்கும் ஆபத்து.

வழியில் அன்னதானம் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலிலை, தாமரை இலை, வாழையிலை எல்லாம் நம்ம மாவட்டத்தில் கிடைக்கின்றன. லஞ்ச் சீட்டில் பரிமாறவேண்டாம். தண்ணீரைச் சின்னப் போத்தலில் கொடுக்காமல் பெரிய தாங்கியிலிருந்து ஊற்றிக் கொடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் சொல்லச் சொன்னால்?

சாப்பாட்டுக் கழிவைப் பொலித்தீனில் கட்டாதீர்கள்.

மீன் கழிவு, மரக்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட வாளியில் வெறுமனே போடுங்கள். வளவு இருந்தால் தென்னைக்கு அடியில் குழி வெட்டிப் போட்டு மண் மூடுங்கள், கோழி இருந்தால் பாதி அதற்குப் போகும். வளவு இல்லாத நகர வீட்டில் வாளியாகவே குப்பை வண்டிக்குக் கொடுங்கள். மாநகர சபையும் பிரதேச சபைகளும் உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரித்துத் தரச் சொல்வது இதற்காகத்தான். வேண்டாவெறுப்பாகச் செய்தாலும் பரவாயில்லை, பலன் ஒன்றுதான்.

பொலித்தீனையும் உறைகளையும் பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒருமுறை அலசி, உலர்த்தி, தனியாகச் சேருங்கள். மணம் போய்விட்டால் அது காற்றில் பறந்து காட்டோரம் ஒதுங்கினாலும் விலங்கு வாய் வைக்கும் வாய்ப்புக் குறைவு. போத்தலுக்கு மூடியைப் போட்டே கொடுங்கள். சாடி என்றால் எறிவதற்கு முன் வெட்டிவிடுங்கள்.

“நான் ஒருத்தி பிரித்துக் கொடுத்தாலும் வண்டிக்காரர் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்” என்று கேட்ட அக்காமார் உண்டு. நியாயமான கோபம். அது நடந்தால் சபையில் எழுதிக் கொடுங்கள், நாலு வீடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதுவரைக்கும் வாளிச் சோறு குழிக்குள் போகட்டும்.

வயலிலும் வாடியிலும்?

மருந்துப் போத்தலை வாய்க்காலில் எறிவது எல்லாவற்றிலும் மோசமானது. உள்ளே மிஞ்சிய சொட்டு போதும், தண்ணீர் குடிக்க வரும் பறவைக்கு. மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்துத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி, போத்தலைத் துளைத்து ஓரிடத்தில் சேருங்கள். வெயிலில் இழை இழையாக உரியும் உரச் சாக்கை வரம்பில் விடாதீர்கள். வாடியில் சமைத்துச் சாப்பிட்ட மிச்சத்தை அன்றே புதையுங்கள். யானை வாடியைப் பிரிப்பதற்கு உள்ளே இருக்கும் உப்பும் நெல்லும் சோற்று மணமும்தான் காரணம்.

லாகுகலைப் பக்கம் வீதியோரத்தில் நிற்கும் யானைக்குப் பழம் கொடுக்கலாமா?

கூடாது. பையோடு எறிந்தால் பையையும் தின்னும். பையில்லாமல் எறிந்தாலும் வாகனத்தை மறிக்கப் பழகிவிடும். லாகுகலைக் குளத்தில் அது விரும்பித் தின்னும் பெருப்புல் தாராளமாக வளர்கிறது.

விலங்கு போத்தலிலோ வலையிலோ மாட்டியிருந்தால், அல்லது செத்துக் கிடந்தால் என்ன செய்வது?

உடும்பு, கீரி, மரநாய் போன்றவை சாடிக்குள் தலை மாட்டி ஓடினால் துரத்தாதீர்கள். தடித்த சாக்கொன்றை மேலே போட்டால் இருட்டில் அடங்கும். பிறகு உடம்பைச் சாக்கோடு சேர்த்துப் பிடித்துச் சாடியின் அடியில் ஒரு துளை போட்டால் காற்று போகும், பெரும்பாலும் தானாகவே கழன்றுவிடும். கடிக்கும் என்பதை மறக்கவேண்டாம். பறவையின் காலில் தங்கூசி சுற்றியிருந்தால் இழுக்காமல் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். கால் வீங்கியிருந்தால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

யானை, சிறுத்தை, முதலை, கரடி என்றால் கிட்டப் போகவே கூடாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். இடத்தை அடையாளமாகச் சொல்லுங்கள்: எந்தக் குளம், எந்தக் கட்டு, எந்தப் பாலத்திலிருந்து எவ்வளவு தூரம். யானை எழும்ப முடியாமல் படுத்திருந்தால் அதையும், பக்கத்தில் குப்பை கொட்டும் இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். செத்த உடலைத் தொடாதீர்கள், எரிக்கவோ புதைக்கவோ விடாதீர்கள். வைத்தியர் வந்து வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் சாவுக்குக் காரணம் பதிவாகும். அந்தப் பதிவு கையில் இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் குப்பைமேட்டை மாற்றச் சொல்லி ஊர் கேட்கமுடியும்.